ஏலத்துக்கு வந்த ஆறு மாதங்கள்

அந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. மூன்றாம் வகுப்பில் நான் பாடம் நடத்தும்போது முன்வரிசையில் கிடக்கும் பெஞ்சு அது. எந்தப் பிள்ளை நெளிந்தாலும் 'டக்' என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அன்றைக்கு அதன்மேல் நின்றவள் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அல்ல. நாகர்கோவிலில் இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். வெறுங்கால். வெள்ளைச் சேலையின் கீழ்க்கரையில் செம்மண். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அதே பெஞ்சில், அவள் காலடியில், ஒரு தடியங்காய்ப் பூசணி. ஒரு செந்துளுவன் வாழைக்குலை. கால் கட்டிய கோழி ஒன்று.

"ஒரு தரம்!"

பெஞ்சு டக் என்றது.

"ரெண்டு தரம்!"

வேதக்கோயில் முற்றத்து அயனி மரத்தடியில் அத்தனை ஆட்கள் இருந்தும் கோழி மூச்சு வாங்குவது கேட்டது. ஏலம் விளிக்கிறவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். செயலாளர் தலையை ஆட்டினால் மூன்றாம் தரம். மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் முடிந்தது. அந்தச் செயலாளர் நான்தான்.

ஆட்டினேனா? சொல்கிறேன். அதற்கு முன்னால் சில காரியங்களைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது எனக்கே புரியாது.

ரப்பர் ஸ்டாம்பு

இருபத்தொன்பது வயதுக்காரனுக்கு என்ன நினைவுக் குறிப்பு வேண்டிக் கிடக்கிறது என்று பூதப்பாண்டியிலிருந்து இந்தத் தொடரின் வாசகர் ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். ஐயா, எனக்கு மறதி அதிகம். அறுபது வயதுவரை காத்திருந்தால் செய்த தவறுகளையெல்லாம் மறந்து நல்லவனாகிவிடுவேன். அதனால்தான் இந்த அவசரம்.

மாணவர் கைத்தாங்கல் சங்கத்தை நாங்கள் தொடங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கருங்கல் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் ஊர். சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. சங்கத்தில் நாலு பேர், நான் செயலாளர். கையில் காசு சேருவதற்கு முன்பே நாகர்கோவிலுக்குப் போய் ரப்பர் ஸ்டாம்பு செய்து வந்தவன் நான். அதைத் தகரப் பெட்டியில் வைத்து, பெட்டிக்குள் ஒரு பழைய சாக்கை மடித்து மெத்தைபோல் விரித்திருந்தேன். அவ்வளவு மரியாதை அந்த ஸ்டாம்புக்கு.

இதற்கெல்லாம் காரணம் ஓர் ஆங்கிலச் சஞ்சிகை. எப்போதோ யாரோ ஒரு துரை விட்டுவிட்டுப் போனது. எங்கள் சபையை நடத்தும் உபதேசியார் வீட்டு அலமாரியில், எலி கடித்த மூலையோடு கிடந்தது.

எங்கள் ஆட்களின் கதையை விரித்து எழுதப் போவதில்லை. பாட்டன்மாரின் காலத்தில் வயலோடு சேர்த்துக் கை மாறியவர்கள் நாங்கள். யாரோ வீட்டுப் பழைய ஓலையில், மாடுகளுக்கு அடுத்த வரியில் எங்கள் பெயர்கள் இருந்ததாகச் சொல்வார்கள். அந்த ஓலையை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கிழித்திருப்பேன்.

அந்தச் சஞ்சிகையில் அமெரிக்காவைப் பற்றி எழுதியிருந்தது. அங்கே தென்பகுதியில், அடிமைகளாக இருந்த கறுப்பு மக்கள் விடுதலையானதும் அவர்களுக்கென்றே கல்லூரிகள் எழும்பியிருக்கின்றன. அப்படி ஒரு கல்லூரி பணமில்லாமல் மூடுகிற நிலைக்கு வந்தபோது, அங்கே படித்த மாணவர்களே ஒரு பாட்டுக் கூட்டம் சேர்த்து, தங்கள் தாய் தகப்பன்மார் வயலில் பாடிய பாட்டுகளை ஊர் ஊராகப் பாடி, கல்லூரியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். பாடியே ஒரு கல்லூரி!

படித்த அன்று எனக்குக் காய்ச்சல் வந்ததுபோல் ஆகிவிட்டது. அந்தப் பத்திகளுக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். போகிற வருகிறவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். 'முகம் தெரியாத ஆட்கள் முகம் தெரியாத பிள்ளைகளுக்காக அனுப்பிய உதவி' என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அதற்கு நான் கோடு போடவில்லை. என் அவசரத்தில் அது வெறும் வரியாகப் போய்விட்டது.

நெல் அவிக்கிற வீட்டுப் பெண்

எங்கள் சங்கத்தின் முதல் மாணவியை இங்கே ஞானப்பூ என்று எழுதுகிறேன். அவளுடைய பெயர் அதுவல்ல.

அவள் அம்மா பாக்கியம் மாமி நெல் வாங்கி அவித்து, காயவைத்து, குத்தி, அரிசியாக்கிச் சந்தையில் விற்பவள். அவர்கள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் அவித்த நெல்லின் வாசனை மூக்கில் ஏறும். அந்த ஆவிக்குள் உட்கார்ந்து படித்துத்தான் ஞானப்பூ மெட்ரிகுலேஷன் தேறினாள். எங்கள் ஆட்களில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவள். கல்லூரிச் சம்பளத்தில் சலுகை கிடைத்தது. விடுதிச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுவது மட்டும் எங்கள் பொறுப்பு.

சங்கத்தின் முதல் கூட்டத்துக்குப் பாக்கியம் மாமி வந்து கதவோரம் நின்றாள். "பிடியரிசி எடுத்தா என்ன மக்கா?" என்று கேட்டாள். அடுப்பில் உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போடுவது. வாரத்துக்கு ஒருமுறை சேர்ப்பது. கோயிலுக்கு அப்படிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு.

நான் சிரித்துவிட்டேன்.

"மாமி, இது காலேஜ். பிடியரிசியில நடக்கிய காரியமா?"

மாமி போய்விட்டாள். நான் சிரித்ததை நான் மறந்தேன். அவள் மறக்கவில்லை.

ஒரு வருஷம் எப்படியோ ஓடிற்று. இரண்டாம் வருஷம், முதல் போகமான கன்னிப்பூ அறுவடை முடிந்த சமயம், விடுதியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சாப்பாட்டுப் பாக்கிக்கும் பங்குனிப் பரீட்சைவரை உள்ள மாதங்களுக்கும் திங்கட்கிழமை சாயங்கால மணிக்குள் வழி செய்யாவிட்டால், ஞானப்பூ பெட்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். நாகர்கோவிலில் எங்கள் ஆட்களுக்கு வாடகைக்கு அறை யார் தருவார்? விடுதி போனால் படிப்பு போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை.

மாதங்களை விற்பது எப்படி

எங்கள் பண்டிகை ஏலத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் விளைச்சலில் முதலாவதைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். குலை, மரச்சீனிக் கிழங்கு, நல்லமிளகு, முட்டை, கோழி. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். எடுத்தவர் பொருளைத் திரும்பவும் காணிக்கையாக வைத்துவிடலாம். அதைத் திரும்பவும் விளிப்பார்கள். ஒரே கோழி ஐந்து தடவை விலைபோய், கடைசியில் ஐந்து கோழி விலையைக் கோயிலுக்குச் சம்பாதித்துக் கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஏலம் விளிப்பவர் ஏசுவடியான் மாமா. வண்டிக்காரர். மாட்டை அதட்டி வளர்ந்த தொண்டை. அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: பொருளைத் தூக்கிக் காட்டாமல் ஏலம் கிடையாது. முன்னொரு வருஷம் யாரோ மரத்தில் நிற்கிற தேங்காயை ஏலம் போட, எடுத்தவன் ஏறிப் பார்த்தால் குலையில் ஒன்றுமில்லை. அடிதடி. அன்றிலிருந்து முட்டையானாலும் கையில் தூக்கிப் பிடித்துச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் விளிப்பார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஞானப்பூவின் படிப்பில் மிச்சம் இருப்பது ஆறு மாதம். ஐப்பசி முதல் பங்குனி வரை. ஒவ்வொரு மாதத்தையும் ஒவ்வொரு பொருளாக ஏலம் விட்டால்? ஐப்பசியை ஒருவர் எடுப்பார். திருப்பி வைப்பார். இன்னொருவர் எடுப்பார். கோழி ஐந்து தடவை விலைபோனால் மாதம் போகாதா?

உபதேசியாரிடம் அனுமதி வாங்கினேன். சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, அட்டையில் மாதங்களின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். ஞானப்பூ வந்தாள். கையில் அந்தச் சஞ்சிகை. நான்தான் வாசிக்கக் கொடுத்திருந்தேன்.

"அண்ணே, புஸ்தகம்."

"வாசிச்சியா? பாட்டுக்காரங்க பக்கம் எப்படி?"

"எல்லாப் பக்கமும் வாசிச்சேன்." அட்டைகளைப் பார்த்தாள். "நாளைக்கு மாசத்த ஏலம் போடப் போறதாட்டு எம்மா சொன்னா."

"ஆமா! நல்ல யோசனைல்லா?"

"நான் என்ன செய்யணும்?"

"நீ ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா இருந்தா போதும்."

அவள் சஞ்சிகையை என் மேசையில் வைத்தாள். "ஒருக்கா தொறந்து பாரு அண்ணே. ஈர்க்கு வச்சிருக்கேன்."

பக்கங்களுக்கு நடுவிலிருந்து தென்னை ஈர்க்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"நாலு தடவ வாசிச்சாச்சு பிள்ளே. நாளை கழியட்டு."

நான் மார்கழிக்கு மை தொட்டேன். அவள் போய்விட்டாள்.

பொருளைக் காட்டும் வே

ஞாயிற்றுக்கிழமை ஏலம் நன்றாகத்தான் தொடங்கியது. முட்டை போயிற்று. மிளகு போயிற்று. அப்புறம் ஏசுவடியான் மாமா தொண்டையைக் கனைத்தார்.

"ஐப்பசி மாசம்! யாரு எடுக்கியோ?"

ஒரு சத்தமும் இல்லை. பின்னாலிருந்து ஒருவர், "ஐப்பசி எனக்க வீட்டிலயும் வந்திருக்கு வே!" என்றார்.

சிரிப்பு.

"கார்த்திக மழயோட சேத்தா, மழ தனியாட்டா?"

மறுபடி சிரிப்பு. நான் பெஞ்சருகே ஓடி விளக்கம் சொன்னேன். கல்லூரி, விடுதி, திங்கட்கிழமை மணி, அமெரிக்கா. அமெரிக்காவைச் சொல்லியிருக்க வேண்டாம். ஒரு கிழவர் கொட்டாவி விட்டார்.

"அதெல்லாம் கொள்ளாம், நல்ல காரியந்தான். பொருளக் காட்டும் வே!" என்று யாரோ கத்தினார்கள்.

நான் அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"அட்டையவா வாங்கச் சொல்லுகியோ?"

ஏசுவடியான் மாமா குனிந்து என் காதில் சொன்னார். "மக்கா, காட்டாம விளிச்சா நாளைக்கு எனக்குப் பேரு கெட்டுப்போவும். வேற என்னமாம் இருக்கா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. திரும்பினேன். பெண்கள் வரிசையில், அவள் அம்மாவின் பக்கத்தில், ஞானப்பூ உட்கார்ந்திருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் என் மனதில் வேறு எதுவும் இல்லை. இவளைப் பார்த்தால் இவர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று மட்டும்தான் நினைத்தேன்.

"பிள்ளே, இஞ்ச வா. பின்னால இருக்கியவங்களுக்குத் தெரியட்டு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். ஞானப்பூ எழுந்து வந்தாள். பெஞ்சருகே நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"புஸ்தகத்தத் தொறந்து பாத்தியா அண்ணே?"

"இப்பமா புஸ்தகம்? ஏறு பிள்ளே, சீக்கிரம்."

கை கொடுத்தேன். அவள் பிடிக்கவில்லை. தானாகவே ஏறினாள். டக்.

நாலு சக்கரம் என்றார் ஒருவர்; ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம். எட்டு என்றார் இன்னொருவர். ஆள் நின்றதும் சிரிப்பு நின்றதே தவிர, ஏலக் கேள்வி ஏறவில்லை. பத்தில் நொண்டிக்கொண்டிருந்தது. ஆறு மாதத்தை இப்படி விற்றால் ஒரு மாதச் சோறுகூட வராது.

அப்போதுதான் நாற்காலியில் இருந்தவர் கையைத் தூக்கினார்.

முற்றத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருந்தது. அதில் இருந்தவர் சந்தைக் குத்தகைக்காரர். எங்கள் சபை ஆள் அல்ல. வருஷா வருஷம் குலைகளை மொத்தமாக எடுக்க வருவார். சிரித்த முகம். எங்கள் பெரியவர்கள் இன்னும் அவரை, எஜமான் என்ற பொருளில், ஏமானே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஒத்த ஒத்த மாசமாட்டு என்னத்துக்கு வே இழுக்கியோ? ஆறு மாசத்தயும் சேத்து நான் எடுக்கேன். அம்பது ரூவா."

முற்றமே மூச்சை இழுத்தது. பாக்கி தீரும். பங்குனி வரை சோறு வரும். மிச்சமும் இருக்கும். எனக்கு அவர் காலில் விழலாம் போல் இருந்தது.

"ஒரு தரம்! ரெண்டு தரம்!"

"நில்லும் வே," என்றார் குத்தகைக்காரர், சிரித்துக்கொண்டே. "மூணாம் தரத்துக்கு முன்னால ஒரு காரியம். நான் திருப்பி வைக்க மாட்டேன், கேட்டியளா? எடுத்த பொருளு எனக்குள்ளது. லீவு நாளில எங்க வீட்டுக்கு வரட்டு. பிள்ளையளுக்கு ரெண்டு எழுத்து சொல்லிக் கொடுக்கட்டு, முற்றமும் தூத்து வாரட்டு. இவளுக்க ஆளுவ பண்டே எங்க களத்தில கெடந்ததுதானே? புதுசா என்ன?"

சிரித்தார்கள். கேலியாக அல்ல. ஐம்பது ரூபாய் கிடைத்த சந்தோஷத்தில் எதற்கும் சிரிக்கிற சிரிப்பு. நானும் சிரித்தேன்.

டக், டக், டக் என்றது பெஞ்சு. அவள் கால் மாற்றி மாற்றி நின்றாள்.

ஏசுவடியான் மாமா என்னைப் பார்த்தார்.

நாளைக்குத் திங்கள். மணி. பெட்டி. லீவுதானே, ஒரு வாரம் முற்றம் பெருக்கினால் என்ன தேய்ந்துவிடும்? இவ்வளவும் ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் என் தலைக்குள் ஓடியது.

நான் தலையை ஆட்டினேன்.

ஞானப்பூ அதைப் பார்த்தாள்.

"மாமா," என்றாள். குரல் பெரிதாக இல்லை. ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. "பொருளக் காட்டாம ஏலம் இல்லன்னு சொன்னியளே, அது சட்டந்தானே?"

"சட்டந்தான் மோளே."

அவள் பெஞ்சிலிருந்து இறங்கினாள். கடைசியாக ஒரு டக்.

"இப்பம் காட்டும், பாப்போம்."

பெண்கள் வரிசைக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பெஞ்சில் தடியங்காயும் குலையும் கோழியும் இருந்தன. ஏசுவடியான் மாமா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கையிலிருந்த கம்பைக் கீழே போட்டார்.

"பொருளு இல்ல. ஏலமும் இல்ல."

இப்பம் சிரி

குத்தகைக்காரர் எழுந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. "நல்லது செய்ய வந்தவனுக்கு இது வேணும். பிள்ளையளப் படிக்க வையுங்க வே, நல்லா படிக்க வையுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷக் குலைகளை எடுக்க ஆளில்லை. பழுத்து, கறுத்து, கடைசியில் மாட்டுக்குப் போட்டோம்.

"அம்பது ரூவாயக் கொண்டு தொலச்சுட்டாளே பாவி!" என்றாள் ஒருத்தி. உபதேசியார் என்னிடம், "இதுக்குத்தான் சங்கமாடே?" என்று கேட்டார்.

பாக்கியம் மாமி மகள்மேல் பாய்ந்தாள். "எதுக்கட்டி எறங்கின? பேசாம மிண்டாம நின்னா என்ன? நானும் அந்தக் களத்தில கெடந்தவதானே, செத்தா போனேன்?"

"நீ கெடந்தது போதும் எம்மா," என்றாள் ஞானப்பூ.

மாமி மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்து, வெயில் அயனி மரத்தைத் தாண்டி முற்றத்துக்கு வந்த பிறகு எழுந்து என்னிடம் வந்தாள்.

"செயலாளரே." அதுவரை என்னை மக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "அன்னைக்குப் பிடியரிசி சொன்னப்பம் சிரிச்சியே? இப்பம் சிரி."

நான் தரையைப் பார்த்தேன்.

"சாக்கு இருக்கா?"

"பாக்கணும் மாமி."

"உனக்க ஸ்டாம்பு ஒறங்குதுல்லா, அதுக்க அடியில ஒண்ணு கெடக்கும். எடுத்துட்டு வா."

அந்தச் சாக்கோடும், அவள் வீட்டுச் சாக்கு ஒன்றோடும் வீடு வீடாக இறங்கினோம். ஞானப்பூவை மாமி வரவிடவில்லை. வாசலில் நின்று, "பிடியரிசி" என்று ஒரு சொல். யாருக்கு, எதற்கு என்று ஒன்றும் சொல்வதில்லை. வீட்டுக்காரி அரிசியோடு வந்தால் மாமி சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். ஒரு வீட்டில் எவ்வளவு விழுகிறது என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"மூஞ்சியத் திருப்பு வே," என்றாள். "பானைக்குள்ள இருக்கியது அவளுக்க காரியம்."

எல்லா வீடும் கொடுத்துவிடவில்லை. "அம்பது ரூவா வேண்டாம்னவளுக்கு எங்க அரிசி என்னத்துக்கு?" என்று கதவைச் சாத்தியவர்கள் உண்டு. முற்றத்தில் பாவி என்று திட்டியவள் இரண்டு முறை அள்ளிப் போட்டாள். முகத்தைத் திருப்பியிருந்தேன், சத்தத்தில் தெரிந்தது.

அரிசி என்று எழுதுங்கள்

திங்கட்கிழமை வெளுக்கும்போது ஏசுவடியான் மாமாவின் வண்டியில் கிளம்பினோம். கூலி என்று அவர் பேச்செடுக்கவில்லை. ஞானப்பூவும் அம்மாவும் சாக்குகளின்மேல். நான் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நெய்யூரில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தியபோது, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மரத்தடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூணாம் தரம் நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு மக்கா," என்றார். பிறகு மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே, "ராத்திரி ஒறக்கம் இல்ல," என்றார்.

ஞானப்பூ வண்டியில் எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள்.

விடுதி வாசலை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். மேட்ரன் அம்மாள் வெளியே வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கறாரானவர். சாக்கைத் திறக்கச் சொன்னார். உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளி வெயிலில் நீட்டினார்.

வெள்ளை, சிவப்பு, பச்சரிசி, புழுங்கல், சம்பா, குருணை, போன வருஷத்துப் பழசு. எத்தனை பானையோ, அத்தனை நிறம்.

"இத உலையில போட்டா பாதி கூழாவும், பாதி கல்லாட்டம் நிக்கும்," என்றார். "இத்தன பிள்ளைங்க வயித்துக்கு யாரு பதில் சொல்றது? கொண்டுபோயிருங்க."

என் திட்டத்தில் இது இல்லை. ஐம்பது ரூபாயும் இல்லை, அரிசியும் செல்லாது. மணிக்கயிற்றுப் பக்கம் ஆள் நடப்பது தெரிந்தது. பேசுவதற்கென்றே பிறந்தவன் நான். சாக்கின் வாயைக் கட்டத் தொடங்கினேன்.

பாக்கியம் மாமி மேட்ரன் அம்மாளின் கையிலிருந்த அரிசியை வாங்கித் தன் உள்ளங்கையில் பரப்பினாள். அரிசியோடே வாழ்ந்தவள். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தாள். இன்னொன்றைக் கடித்தாள்.

"நீங்க சொல்லுகது சரிதான் அம்மா. இது சோத்துக்கு ஆவாது. நான் ஊறப்போட்டு, இடிச்சி, வறுத்துத் தாறேன். வாரம் ஒரு சாக்கு மாவு. பிள்ளையளுக்குப் புட்டு அவியுங்கோ. மாவுல எது வெள்ள எது செவப்புன்னு யாரு கண்டா?"

மேட்ரன் அம்மாள் யோசித்தார். ஞானப்பூவைப் பார்த்தார். பெட்டி அவள் காலடியில் இருந்தது.

"வாரம் தவறக் கூடாது."

"தவறாது."

"பங்குனி வரைக்கும்."

"பங்குனி வரைக்கும்."

மணி அடித்தது. மேட்ரன் அம்மாள் உள்ளே போய்த் தடித்த நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். "யார் பேர்ல வரவு எழுதட்டும்?"

நான் முன்னால் வந்தேன். ரப்பர் ஸ்டாம்பு சட்டைப் பையில் தயாராக இருந்தது. மாமி என் குறுக்கே கையை நீட்டினாள்.

"யாரு பேரும் வேண்டாம் அம்மா. அரிசின்னு எழுதுங்கோ."

ஞானப்பூ பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த ஆறு மாதமும் விடுதியில் வாரத்தில் மூன்று நாள் புட்டு. பிள்ளைகள் புட்டைக் கண்டாலே ஓடுவார்கள் என்று பின்னால் ஞானப்பூவே சொன்னாள். பங்குனியில் பரீட்சை எழுதினாள். தேறினாள். எங்கள் சங்கத்தில் இன்றைக்கும் பிடியரிசிதான். ஸ்டாம்பு மை உலர்ந்து பெட்டியில் கிடக்கிறது. அடியில் சாக்கு இல்லை.

ஈர்க்கு வைத்த பக்கம்

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் காலை பள்ளிக்கூடத்தைத் திறந்தேன். யாரோ பெஞ்சைத் திரும்பக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கோழி எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. மேசைமேல் சஞ்சிகை, சனிக்கிழமை வைத்த இடத்திலேயே.

ஈர்க்கு இருந்த இடத்தில் திறந்தேன்.

அது பாட்டுக்காரர்களின் பக்கம் அல்ல. அதற்கு முந்திய பக்கம். நாலு தடவை வாசித்தேன் என்று பெருமை பேசினேனே, நாலு தடவையும் பாட்டுக்குப் போகிற வேகத்தில் புரட்டித் தள்ளிய பக்கம். அதில் எழுத்து குறைவு. அடிமைகள் விலைபோன காலத்து ஒரு படம்.

பலகை மேடை. அதன்மேல் ஒரு கறுப்புப் பெண். வெறுங்கால். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறாள். பக்கத்தில் ஒருவன் கையைத் தூக்கி வாயைத் திறந்திருக்கிறான். சுற்றிலும் தொப்பிகள். மேடைக்குக் கீழே ஓர் ஓரத்தில், கையில் காகிதங்களோடு, நன்றாகச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன். கூட்டத்தில் அவன் முகம் மட்டும் மேடையைப் பார்க்கவில்லை. தலை குனிந்திருக்கிறான். ஆட்டுகிறான் என்றும் சொல்லலாம்.

ஞானப்பூ அந்தப் பக்கத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை. ஈர்க்கை மட்டும் வைத்திருந்தாள்.

அவளுடைய உண்மையான பெயர் என்ன, இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டு வாசகர்கள் யாரும் கார்டு எழுத வேண்டாம். எல்லோருக்கும் தெரியும்படி அவளை ஒருமுறை நிறுத்திக் காட்டிவிட்டேன். அது போதும்.